எதிர்வசனம் – அத்தியாயம் 9: பதினேழாவது ஆள்

பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. பல்வலி என்று சொல்லி லீவு போட முடியாது.

"வயித்து வலி டாக்டர்" என்று போனில் சொன்னாள் அக்கா.

"எந்தப் பக்கம்?"

"நடுவுல."

"சரி, ரெஸ்ட் எடுங்க. டோக்கன் குடுக்க வேற யாரையாவது உக்கார வெச்சுக்கறேன்."

பதினோரு வருஷத்தில் முதல் பொய். இவ்வளவு சுலபமாகப் போணியாகும் என்று தெரிந்திருந்தால் முன்னாலேயே நாலைந்து சொல்லியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

ஊரே அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். வயதில் மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். எட்டு வாரமாகக் கூடவே வருகிற உங்களுக்கு எல்லாம் தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்காருகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

அக்காவின் கணவர் பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனையாளர். சாயங்காலமானால் நாடகக் குழுவின் கதாநாயகன். இருபத்தாறு வருஷமாக வேறு கதாநாயகனே கிடையாது என்பதால் குழுவில் அவருக்குப் பெயரே 'ஹீரோ'. அக்கா மேடையின் பக்கத் திரைக்குப் பின்னால் ஒரு மர ஸ்டூலில், மடியில் நாடகப் பிரதியோடு உட்கார்ந்திருப்பாள். யாருக்காவது வசனம் மறந்தால் தாழ்ந்த குரலில் எடுத்துக் கொடுப்பாள். அப்படிக் கொடுக்கும்போது குரலில் அழுகையோ கோபமோ கலந்துவிடக் கூடாது. கலந்தால் நடிகர் தடுமாறிப் போவார். உப்புச் சப்பில்லாமல், வெறும் வார்த்தையாகக் கொடுக்க வேண்டும். அந்த வேலையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

போன வாரம் புது இயக்குநர் வந்து சேர்ந்தார். முப்பது வயதுகூட ஆகாத பெண். வந்த அன்றே அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டினார். மனைவி வேஷத்துக்குத் தேர்வு, விருப்பமுள்ளவர்கள் யார் வேண்டுமானாலும் பெயர் எழுதலாம். கணவன் வேஷத்துக்கு இப்போதைக்கு ஹீரோ இருக்கட்டும், முடிவைப் பிறகு சொல்கிறேன் என்றார். ஹீரோ அதில் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார்.

கூட்டம் முடிகிற நேரத்தில் இன்னொன்றும் சொன்னார்.

"என் நாடகத்துல திரைக்குப் பின்னாடி வசனம் எடுத்துக் குடுக்க யாரும் இருக்க மாட்டாங்க. மறந்தா மறந்ததுதான். மேடையில நின்னு சமாளிங்க."

பதினெட்டு வருஷ வேலை அந்த ஒரு நிமிஷத்தில் போயிற்று. இயக்குநருக்கு அது ஒருத்தியின் வேலை என்றே தெரியாது. தெரிந்த மற்றவர்களில் ஒருவரும் அக்கா பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் கலைந்த பிறகு அக்கா அந்தத் தாளில் தன் பெயரை எழுதினாள். அதுதான் பதினேழாவது பெயர். கணவரிடம் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால், அவர் கேட்கவில்லை என்பாள்.

இன்று, சனிக்கிழமை காலையிலும் அவர் கேட்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று காலரைச் சரிசெய்துகொண்டே சொன்னார்.

"பொண்டாட்டி வேஷத்துக்குப் பதினேழு பேராம். எல்லாருக்கும் எதிர்ல நான்தான் நின்னு பேசணுமாம். என்னைப் போட்டு வறுத்தெடுக்கப் போறாங்க."

"பட்டியலைப் பாத்தீங்களா?"

"அதைப் பாத்து என்ன ஆகப் போகுது? டீச்சருக்குத்தான் கிடைக்கும். மத்தவங்கல்லாம் ஒப்புக்கு."

டீச்சர் என்பது பத்து வருஷமாக அவருக்கு ஜோடியாக நடிக்கிற பள்ளிக்கூட ஆசிரியை. நல்ல நடிகை, நல்ல மனுஷியும்கூட. அக்காவால் அவளை வெறுக்க முடியவில்லை. முயற்சி செய்து பார்த்துவிட்டாள்.

அவர் கிளம்பிப் போனார். அவள் கிளினிக்குக்குக் கிளம்பாமல் வீட்டில் இருப்பதை அவர் கவனிக்கவேயில்லை.



நாடக அரங்கு ஒரு பழைய கிடங்கின் மாடியில் இருந்தது. படியேறினால் நீளமாக ஒரு நடை, சுவரோரம் ஒரே ஒரு பெஞ்சு, மூலையில் குடிதண்ணீர்க் குழாய். அக்கா போனபோது பத்துப் பதினைந்து பெண்கள் காகிதத்தை வைத்துக்கொண்டு முணுமுணுத்தபடி குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார்கள்.

"அப்பாடா, அக்கா வந்துட்டாங்க!" என்றாள் ஒருத்தி. "இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்கறீங்களா? உள்ள எடுத்துட்டுப் போகக் கூடாதாம்."

அக்கா வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஒன்றைப் பார்த்து இன்னொன்று வந்தது. பத்தரை மணிக்குள் அவள் மடியிலும் இரண்டு பக்கமுமாக ஏழு பைகள், ஒரு குடை, ஒரு சாப்பாட்டு டப்பா. நீங்களும் தேர்வுக்கு வந்தீர்களா என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை.

டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, எனக்குப் பயமா இருக்கு. ஹீரோ சார் வசனத்தை ஒரு தரம் எடுத்துக் குடுங்களேன். உங்க வாயால கேட்டுட்டுப் போனா தைரியமா இருக்கும்."

அக்கா கொடுத்தாள். அதைப் பார்த்து இன்னொருத்தி வந்தாள். பிறகு வரிசையே நின்றது. தன் வேஷத்துக்குப் போட்டியாக வந்த பதினாறு பேரில் பதினோரு பேருக்கு அவளே பாடம் கேட்டு அனுப்பினாள். ஒருத்தி ஒரு வார்த்தையைத் தப்பாகச் சொன்னபோது திருத்தியும் கொடுத்தாள். அப்படியே விட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அவளுக்கு வராது. வசனம் தப்பினால் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

காட்சி சின்னதுதான். ஆறு மாதம் வெளியூரில் இருந்துவிட்டுக் கணவன் வீடு திரும்புகிறான். மனைவி நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் பேசுகிறாள். மொத்தம் ஒன்பது வரி.

"பதினேழு!" என்று கதவருகில் இருந்து குரல் வந்தது.

யாரும் எழுந்திருக்கவில்லை. நடையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பதினேழு யாரு? வரலியா? பேரை அடிச்சுடட்டுமா?"

"வந்திருக்கேன்" என்றாள் அக்கா.

எழுந்திருக்க முடியவில்லை. மடி நிறையப் பை; உள்ளே போய் வந்தவர்களும் திரும்ப வாங்கியிருக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பெஞ்சில் வைத்தாள். குடை கீழே விழுந்தது. குனிந்து எடுத்தாள். நடையே வேடிக்கை பார்த்தது. டீச்சர்தான் கடைசிப் பையைத் தானே வாங்கிக்கொண்டு, "போங்கக்கா" என்றாள். அந்த முகத்தில் ஆச்சரியம் இருந்தது, கொஞ்சம் வெட்கமும் இருந்தது. காலையில் முதல் ஆளாக அக்காவிடம் பாடம் கேட்டுக்கொண்டு போனவள் அவள்தான்.



மேடையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றின் பக்கத்தில் ஹீரோ நின்றிருந்தார். பதினாறு பேருக்கு எதிரில் பேசிக் களைத்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் நெற்றி சுருங்கியது.

"என்ன? சாவி கொண்டு வந்தியா?"

"இல்லை."

"பின்ன?"

கீழே குழுவினருக்கு நடுவே மூன்றாவது வரிசையில் இருந்த இயக்குநர், "சார், அவங்கதான் பதினேழு" என்றார்.

மேலே விளக்குகளை இயக்குகிற சின்னக் கூண்டில் அவர்களுடைய மகள் இருந்தாள். குழுவுக்கு விளக்குப் போடுகிறவள் அவள்தான். அம்மா மேடை ஏறியதைப் பார்த்ததும் அவள் கை எங்கோ பட்டு, ஒரு கணம் மேடை இருண்டு மறுபடி வெளிச்சமானது.

ஹீரோவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. சுற்றிலும் பார்த்தார். மற்றவர்கள் சிரிக்காததால் அவரும் சிரிக்கவில்லை. அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். பதினெட்டு வருஷமாகப் பக்கவாட்டில் இருந்து பார்த்த மேடை, உட்கார்ந்து பார்த்தால் எவ்வளவு பெரிதாக இருக்கிறது!

"ஆரம்பிக்கலாம்" என்றார் இயக்குநர்.

"கதவு திறந்தே இருக்கே" என்றார் ஹீரோ, வெளியூரில் இருந்து வந்த கணவனாக.

"பூட்டறதுக்கு யாருக்குப் பயப்படணும்?"

"ஆறு மாசம் ஆச்சு. என்னைத் தேடலியா?"

அக்கா அவரைப் பார்த்தாள். எழுதி வைத்த வசனம்தான். ஆனால் அந்தக் கேள்வியை இவர் தன்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை என்று அந்த நொடியில் அவளுக்கு உறைத்தது. அவள் பிரதியோடு ஸ்டூலில் உட்கார ஆரம்பிப்பதற்கு முன்னால், வெளியூர் நாடகம் என்று வாரக்கணக்கில் போய்விட்டு வந்திருக்கிறார். வந்ததும் கைதட்டலைப் பற்றிப் பேசுவார், கூட்டத்தைப் பற்றிப் பேசுவார். பெட்டியில் இருந்து துவைக்கிற துணியை எடுத்துக் கொடுப்பார்.

"ஒரு நாள்கூடத் தேடலை" என்றாள். குரல் உயரவில்லை. "அதை உங்ககிட்ட சொல்லணும்னுதான் இத்தனை நாளா உக்காந்திருக்கேன்."

"தனியா இருக்கப் பயமா இல்லியா?"

"இருந்துச்சு. நீங்க திரும்பி வந்துடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு."

அரங்கில் சத்தமே இல்லை. அந்த அமைதி தன்னால் வந்தது என்று அக்காவுக்குப் புரிந்தது. கழுத்து வரைக்கும் சூடாக ஏதோ ஏறியது. சந்தோஷம் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்தாள்.

அடுத்தது அவர் வசனம். அவர் வாயைத் திறந்தார். மூடினார். கட்டைவிரலால் மோதிரவிரலைத் தேய்த்தார்.

அந்தத் தேய்ப்பு அக்காவுக்குத் தெரியும். உலகத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். போன நாடகத்தில் இரண்டு மணி நேரத்தில் முப்பத்தெட்டு முறை அந்த விரல் தேய்ந்தது. முப்பத்தெட்டு முறையும் அவள் பக்கத் திரைக்குப் பின்னால் இருந்து கொடுத்தாள். முதல் வரிசையில் இருந்தவருக்குக்கூடத் தெரியாது. மறுநாள் வீட்டில் அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை, அவளும் பேசவில்லை.

ஒன்று, இரண்டு, மூன்று.

"இந்த வீட்டுல நான் எங்க உக்காரட்டும்" என்றாள் அக்கா.

உப்புச் சப்பில்லாத குரலில், வெறும் வார்த்தையாக, அவருடைய வசனத்தை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. நம்ம அக்காவாயிற்றே என்ற உரிமையில் சிரித்தார்கள். ஹீரோதான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனைவி காணாமல் போய், பழைய அக்கா திரும்ப வந்திருந்தாள்.

"நன்றி. போதும்" என்றார் இயக்குநர். அவர் சிரித்தாரா என்று அக்கா பார்க்கவில்லை.



பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் வந்தார்கள். நாலாவது நிறுத்தம் வந்தது.

"சொல்லியிருக்கலாம்ல" என்றார் ஹீரோ.

"சொல்லியிருந்தா?"

"வேண்டாம்னு சொல்லியிருப்பேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "உன் நல்லதுக்குத்தான்" என்று சேர்த்தார்.

ஐந்தாவது நிறுத்தம்.

"நான் ஒண்ணும் மறக்கலை, தெரியுமா? இடைவெளி விட்டேன். அந்த மாதிரி ஒரு வசனத்துக்கு அப்புறம் நடிகன் மூச்சு விடணும். நீ அவசரப்பட்டு உள்ள பூந்துட்டே. நல்லா வந்துக்கிட்டிருந்த காட்சி, எல்லாம் போச்சு."

அக்கா அவர் கையைப் பார்த்தாள். அவர் கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டார்.

நல்லா வந்துக்கிட்டிருந்தது என்று வாய் தவறியாவது சொன்னாரே. அவ்வளவுதான் இன்றைய வரும்படி.



மகள் நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்தாள். அப்பா குளித்துக்கொண்டிருந்தார். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகச் சமையலறைக்கு வந்தாள்.

"அம்மா, இயக்குநர் உன் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்கறாங்க. எல்லாரோடதையும் செல்போன்ல பிடிச்சு வெச்சிருக்காங்கல்ல. உன்னோடதை மட்டும் ஆறு தரம் பாத்தாங்க."

அக்கா கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நான் எப்படிப் பண்ணேன்?"

"எது?"

"என் காட்சி."

"ஓ, அதுவா? நல்லாத்தான் இருந்துச்சு." மகள் குரலைத் தாழ்த்தினாள். "அது கிடக்கட்டும். உனக்குப் போன் பண்ணுவாங்க. அப்பா மறந்துட்டாரா, இல்ல வேணும்னே நிறுத்தினாரான்னு கேப்பாங்க. நீதான் அவசரப்பட்டுட்டேன்னு சொல்லிடும்மா."

"ஏன்?"

"மறந்துட்டார்னு தெரிஞ்சா அவரை மாத்திடுவாங்க. உன்னால ஆச்சுன்னா வேஷம் டீச்சருக்குப் போகும், அவ்வளவுதான். அப்பா தப்பிச்சுடுவார்." மகளின் கண் கலங்கியது. "அவருக்கு இந்த நாடகம் ஒண்ணுதான்மா இருக்கு."

அக்கா மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல பெண். அப்பா மீது உயிரையே வைத்திருக்கிறாள். குளியலறைக் கதவுக்குப் பின்னால் இருக்கிற ஒருவருக்காக இவ்வளவு கலங்குகிற கண்ணுக்கு, எதிரே நிற்கிறவளுக்கு என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லையே. கோபம் வரவில்லை. இந்த வீட்டில் தான் மட்டும் தனியாக இருப்பது போல இருந்தது. இன்றைக்கு வந்ததில்லை அது, வெகு நாளாகவே இருந்திருக்கிறது. அதற்கு இன்றுதான் பெயர் தெரிந்தது.

"நீ போய் முகம் கழுவு" என்றாள்.

போன் பத்தே நிமிஷத்தில் வந்தது. அக்கா அதை எடுத்துக்கொண்டு பின்பக்கம் துணி காயப்போடுகிற இடத்துக்குப் போனாள்.

"அக்கா, நேராவே கேக்கறேன்" என்றார் இயக்குநர். "அவர் மறந்தாரா, இடைவெளி விட்டாரா? வீடியோவுல எனக்கு நிச்சயமாத் தெரியலை. நிறுத்தினதுன்னா, மேடையில அமைதி வந்தா உங்களால தாங்க முடியலைன்னு அர்த்தம். உங்களை எடுக்க முடியாது. மறந்ததுன்னா விஷயமே வேற, நீங்க மேடையில நின்னு சமாளிச்சிருக்கீங்க."

கொடியில் ஹீரோவின் நாலு சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. காலையில் அவள்தான் துவைத்துப் போட்டது. நான்தான் அவசரப்பட்டுட்டேன் என்று சொன்னால் போதும். வாயில் தயாராக இருந்தது. யாருக்கும் நஷ்டமில்லை. திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போய் டோக்கன் கொடுக்கலாம்.

"அக்கா? இருக்கீங்களா?"

"மறந்துட்டார்" என்றாள்.

மறுமுனையில் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"இதுதான் முதல் தடவையா?"

"இல்லை. ஒரு வருஷமா இப்படித்தான். நான் எடுத்துக் குடுத்துக்கிட்டிருந்தேன்." ஒரு சட்டையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவர் ஒத்துக்க மாட்டார். டாக்டர்கிட்ட வாங்கன்னா என் மேல பாய்வார். ஆனா நல்ல நடிகர். அதையும் எழுதி வெச்சுக்கோங்க."

"தெரியும்க்கா." இயக்குநர் மெதுவாகப் பேசினார். "மனைவி வேஷம் உங்களுக்குத்தான். நாளைக்குப் பத்து மணிக்கு ஒத்திகை. கணவனுக்கு வேற ஆள் பாக்கறேன். அவர்கிட்ட நானே பேசிடறேன், நீங்க சொல்ல வேண்டாம்."

போனை வைத்த பிறகு அக்கா சட்டைகளுக்கு நடுவில் நின்றாள். கிடைத்துவிட்டது. கத்த வேண்டும் போல இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும். மகளிடம் சொல்ல முடியாது. மேடை என்றால் என்ன, அதில் ஒரு வேஷம் கிடைப்பது என்றால் என்ன என்று அடிவயிற்றில் இருந்து புரிந்துகொள்ளக்கூடிய ஆள் அவளுக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் உள்ளே தலை துவட்டிக்கொண்டிருந்தார்.



"டீச்சருக்கே குடுத்திருப்பாங்க" என்றார் ஹீரோ, டீயை உறிஞ்சிக்கொண்டே. குளித்ததில் தெளிவாகியிருந்தார். காலையில் நடந்ததை மன்னித்தும் விட்டிருந்தார். "நீ மனசுல வெச்சுக்காதே. ஆசைப்பட்டுட்டே, ஒரு தரம் ஏறிப் பாத்துட்டே. போதும்ல?"

அக்கா அவருக்கு இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினாள். மகள் அறையில் இருந்து வெளியே வரவில்லை.

"வா, ஒரு தரம் முழுசாச் சொல்லிப் பாத்துடறேன். நீ டீச்சர் வசனத்தைப் படி."

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் ஆரம்பித்தார். கதவு, ஆறு மாதம், தேடல், பயம். அவள் படித்தாள், அவர் சொன்னார். ஒரு இடத்தில்கூட விரல் தேயவில்லை. இடறவும் இல்லை. கடைசி வரியைச் சொன்னபோது அவர் குரல் உடைந்தது. அவ்வளவு அருமையாக அவர் நடித்து எத்தனையோ வருஷமாயிற்று. பார்க்க அவளைத் தவிர ஆளில்லை. தப்பு செய்துவிட்டோமோ என்று முதல் முறையாகப் பயந்தாள்.

"பாத்தியா?" என்றார். சின்னப் பையனைப் போலச் சிரித்தார். "நான் மறப்பேனா?"

மேஜை மேல் அவருடைய போன் ஒலித்தது.

"யாருன்னு பாரு."

அக்கா பார்த்தாள்.

"இயக்குநர்."

"நாளைக்கு ஒத்திகைக்கு நேரம் சொல்லக் கூப்பிடுவாங்க." அவர் முதுகை நிமிர்த்தி, தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "குடு."

கொடுத்தாள். சமையலறைக்குப் போய்விடலாம் என்று கால் பரபரத்தது. போகவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

"வணக்கம், சொல்லுங்கம்மா" என்றார் ஹீரோ, அரங்கு முழுவதற்கும் கேட்கிற குரலில்.